ஜெனோவாவில் புறப்பட்டுப் புன்னைக்காயலில் கரையேறிய கதைகள்

1298ஆம் ஆண்டு ஜூலை மாதம் இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பேராயர் யாக்கோப்போ காலமானார். பக்கத்துக் கடற்கரை ஊரான வராஸ்ஸேயில் பிறந்தவர். சாமிநாதர் சபைத் துறவி. அதே ஆண்டு, அதே நகரத்துச் சிறையில், வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ தான் கண்ட நாடுகளைச் சொல்லச் சொல்ல, உடனிருந்த கைதி பீசா நகரத்து ரஸ்டிகெல்லோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியவற்றில் காயல் என்றொரு துறைமுகம் வருகிறது. தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இன்றைக்குப் பழையகாயல் என்று நாம் சொல்லும் ஊர்தான் அது என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார்.

பேராயர் உலகத்துக்கு விட்டுச்சென்றது ஒரு பெரிய கதைத் தொகுப்பு. அவர் இறந்து 288 ஆண்டுகள் கழித்து, அந்தத் தொகுப்பின் வழிவந்த நூல் தமிழாகி, அச்சாகி, காயலை அடுத்த புன்னைக்காயலில் வெளிவந்தது. ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், ஒருவர் காயலைப் பற்றிச் சொன்னார். காயலுக்கு வந்து சேரவேண்டிய கதைகளைத் தொகுத்தவர் கண்ணை மூடினார். இருவருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை. தெரிந்துகொண்ட நமக்குத்தான் மனம் அந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறது.

யாக்கோப்போ தன் தொகுப்பை 1260களில் உருவாக்கினார். இலத்தீன் மொழி. படித்தவர்கள் அதற்குக் கொடுத்த பெயர் 'லெகெண்டா ஔரேயா'. பொன்னான சரிதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் பிரதிகளாக மட்டும் ஆயிரத்துக்கு மேல் இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஐரோப்பாவில் அச்சு வந்ததும் 1470 முதல் திரும்பத் திரும்ப அச்சேறியது. ஆங்கிலத்தில் காக்ஸ்டன் 1483இல் அச்சிட்டார்.

இந்தத் தொகுப்புக்கு ஒரு சட்டகம் உண்டு. வேதாளமும் விக்கிரமாதித்தனும் நமக்குப் பழக்கமான சட்டகம்: ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க, கதைக்குள் கதை. பொக்காச்சோவின் 'டெகமெரோன்' தொகுப்பில் 1348இன் கொள்ளைநோய்க்குப் பயந்து ஃபுளோரன்ஸ் நகரை விட்டுப் போன ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் பத்து நாளில் நூறு கதை சொல்கிறார்கள். யாக்கோப்போ எடுத்துக்கொண்ட சட்டகம் திருச்சபையின் ஆண்டு. திருவருகைக் காலத்தில் தொடங்கி, திருநாள் திருநாளாக நகர்ந்து, ஆண்டு முடியும்போது கதையும் முடிகிறது. கதை சொல்ல ஆள் வேண்டாம், நாள்காட்டியே சொல்கிறது. எந்த ஊரிலும், எந்த மொழியிலும், அடுத்த ஆண்டு அந்தத் திருநாள் திரும்ப வரும்போது அந்தக் கதையும் திரும்ப வந்தாகவேண்டும். இந்த நூல் இத்தனை தூரம் போனதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். பொக்காச்சோவின் பத்துப் பேர் கதை சொல்லி முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். யாக்கோப்போவின் நாள்காட்டிக்கு முடிவே இல்லை.

உள்ளே இருப்பவை சுவையான கதைகள். ஆற்றைக் கடக்க ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிய கிறிஸ்தோபர், நடு ஆற்றில் அந்தக் குழந்தையின் பாரம் தாங்கமுடியாமல் தள்ளாடுகிறார். தூக்கியது உலகத்தையே சுமப்பவரை என்று கரையேறிய பிறகுதான் தெரிகிறது. ஏரியில் குடியிருந்து ஊரைத் தின்னும் நாகத்தை ஜார்ஜ் அடக்குகிறார். குகையில் படுத்துறங்கிய ஏழு இளைஞர்கள் பல தலைமுறை கழித்து எழுந்து, பழைய காசைக் கொண்டு கடைத்தெருவில் ரொட்டி வாங்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வேட்டைக்குப் போன படைத்தலைவன், துரத்திய மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு எஸ்தாக்கியு ஆகிறான். பிறகு சொத்து போகிறது, மனைவியைக் கப்பல்காரன் பறித்துக்கொள்கிறான், இரண்டு மகன்களையும் ஆற்றங்கரையில் மிருகங்கள் கவ்விக்கொண்டு போகின்றன. நல்லதங்காளையும் அரிச்சந்திரனையும் கேட்டு அழுத காதுகளுக்கு இந்தக் கதை அந்நியமாகவா இருக்கும்?

இந்தியாவும் அதில் உண்டு. குந்தபோரு என்ற இந்திய அரசன் அரண்மனை கட்டச் சொல்லித் தோமையாரிடம் செல்வத்தைக் கொடுக்கிறான். அவர் அத்தனையையும் ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார். அரசன் அவரைச் சிறையில் தள்ளுகிறான். அரசனின் இறந்துபோன தம்பி உயிர்த்தெழுந்து, மேலுலகத்தில் அண்ணனுக்காகக் கட்டிவைத்திருக்கும் அரண்மனையைத் தான் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறான்.

இன்னும் ஆழமான இந்தியத் தொடர்பு வேறொரு கதையில் ஒளிந்திருக்கிறது. ஓர் அரசனுக்கு மகன் பிறக்கிறான். அவன் துறவியாவான் என்று சோதிடம் சொல்கிறது. அரசன் அவனை முதுமையும் நோயும் சாவும் கண்ணில் படாத மாளிகையில் வைத்து வளர்க்கிறான். ஒருநாள் வெளியே போகும் இளவரசன் நோயாளியையும் கிழவரையும் காண்கிறான், அரண்மனை கசந்துபோகிறது. ஐரோப்பியர்கள் இவரை ஜோசபாத்து என்ற புனிதராகவும், அவருக்கு வழிகாட்டிய துறவியைப் பர்லாமு என்றும் கொண்டாடினார்கள். இது புத்தரின் வாழ்க்கை. மத்திய ஆசியா, அரபு, ஜார்ஜிய மொழி, கிரேக்கம் என்று ஏறி இறங்கி இலத்தீனுக்குப் போய், யாக்கோப்போவின் தொகுப்பில் உட்கார்ந்துவிட்டது. இதற்குள்ளேயும் குட்டிக் கதைகள் உண்டு. கிணற்றுக்குள் செடியைப் பிடித்துத் தொங்கும் மனிதன், அந்தச் செடியின் வேரைக் கறுப்பெலியும் வெள்ளெலியும் கடித்துக்கொண்டிருக்க, சொட்டும் தேனில் மயங்கிக் கிடப்பதும் அங்கேதான் இருக்கிறது.

ஜெனோவாச் சிறையில் மார்க்கோ போலோ இலங்கையைப் பற்றிப் பேசும்போது சாக்கியமுனியின் வாழ்க்கையைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, இவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்திருந்தால் பெரிய புனிதராகியிருப்பார் என்று வியக்கிறார். அந்த ஊரின் பேராயர் எழுதிய நூலில் அவர் ஏற்கெனவே புனிதர். உலக இலக்கிய வரலாற்றில் இத்தனை நெருக்கமாக வந்து, தொடாமலே விலகிப்போன தருணங்கள் அதிகம் இருக்காது.

பொக்காச்சோவுக்கும் இந்தத் தொகுப்பின் உலகம் தாய்ப்பாலோடு வந்தது. அவருடைய நூறு கதைகளில் முதல் கதையே ஒரு பொய்ப் புனிதரைப் பற்றியது. வாழ்நாளெல்லாம் அயோக்கியனாக இருந்த ஒருவன் சாகும்போது பொய்யாகப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஊரே அவனைப் புனிதனாக்கிக் கும்பிடுகிறது. புனிதர் சரிதம் எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருந்தால்தான் இந்தக் கதையில் சிரிக்கமுடியும். நான்காம் நாளின் தொடக்கத்தில், பெண்களையே காணாமல் வளர்ந்த பையன் முதன்முதலில் பெண்களைப் பார்த்து "இவை என்ன?" என்று கேட்க, "வாத்துகள்" என்று அப்பன் சொல்லிவைக்கும் கதை வருகிறது. அதற்கு மூலம் பர்லாமு, ஜோசபாத்து கதைக்குள் இருக்கும் குட்டிக் கதை.

இனி நம் கரைக்கு வருவோம். ரஸ்டிகெல்லோ ஆர்தர் அரசன் கதைகளை எழுதிய கைகாரர். அவர் கையில் போலோவின் நினைவுகள் காவிய ஓட்டம் பெற்றன. ஆனாலும் முத்துக்குளிப்பைப் பற்றிய பகுதி நேரில் பார்த்தவன் சொன்னது போலவே இருக்கிறது. வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து கப்பலோடு வருவார்கள். ஏப்ரலிலிருந்து மே நடுவரை தொழில் நடக்கும். குளிப்பவர்கள் நாலு பாகத்திலிருந்து பன்னிரண்டு பாகம் வரை ஆழத்துக்கு முங்கி, மூச்சுத் தாங்கும்வரை கிடந்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சிப்பி அள்ளி வருவார்கள். பெரிய மீன்கள் கடிக்காமல் வாயைக் கட்ட மந்திரக்காரப் பிராமணர்கள் உண்டு; கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். திருட்டுத்தனமாக யாரும் முங்கக் கூடாது என்பதற்காக.

இந்த வேலைக்காரரைப் பிற்காலத்தில் நம் கரையில் கடல்கட்டி என்று சொன்னார்கள். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதிய எமர்சன் டென்னென்ட், அப்போதைய கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று குறித்துவைத்திருக்கிறார். போலோ பார்த்தபோது பிராமணர், டென்னென்ட் பார்த்தபோது கத்தோலிக்கர். வேலை அதுவே, கடலும் அதுவே, சுறாவும் அதுவே. இந்தக் கரையில் ஒன்று வந்து தங்குவது எப்படி என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆழத்தில் முங்கிய மகன் மேலே வரவேண்டும் என்ற தவிப்பு முதலில் இருந்தது. அந்தத் தவிப்புக்கு யார் துணைநின்றாலும் கரை அவரை ஏற்றுக்கொண்டது.

1530களில் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரை கடல்துறைகளில் மந்திரங்களும் கட்டளைகளும் மனப்பாடமாக ஏறின. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. பிறர் உதவியால் மொழிபெயர்த்த மந்திரங்களைச் சொன்னார். கதை சொல்ல மந்திரம் போதாது. கதைக்கு மொழி வேண்டும்.

அந்த மொழியைக் கற்றவர் அன்றீக்கே அன்றீக்கஸ். 1520இல் போர்த்துகலின் விலா விசோசாவில் பிறந்தவர். முன்னோர் யூதர்கள் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் அவருக்கு இடமில்லாமல் போனது. சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546இல் கோவா வந்தார், அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1549இல் இக்கரையின் தலைமைக் குருவாக இருந்த இத்தாலியர் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டதும், பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டார். நோயாளி. ஆனாலும் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை. தமிழுக்கு இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது அதுதான். புன்னைக்காயலில் ஊர்க்காரர்கள் தந்த பணத்தில் மருத்துவமனை நடத்தினார். அரை நூற்றாண்டு ஒரே கரையில் வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அச்சுக்கலை அவர் கைக்கு வந்தது கொஞ்சம் கொஞ்சமாக. 1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ்ச் சிறுநூல் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் இங்கிருந்து போன தமிழர் மூவர். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல், 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. அதன்பின் பாவசங்கீர்த்தன வழிகாட்டி ஒன்று. அச்சுச் செலவுக்குப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடலுக்கடியிலிருந்து எடுத்த முத்தின் பணம் ஈய எழுத்தாக மாறியது.

1586இல் பெரிய நூல் வந்தது. 669 பக்கம். 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்'; இன்று நாம் 'அடியார் வரலாறு' என்று சொல்கிறோம். யாக்கோப்போவின் தொகுப்பு ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் போய், அங்கே உள்ளூர்ப் புனிதர்கள் சேர்ந்து, பல பதிப்புகளாகப் பெருகியிருந்தது. 1513இல் லிஸ்பனில் போர்த்துகீசிய 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்' அச்சாகியிருந்தது. அந்த மரபின் நூல்களை முன்வைத்து அன்றீக்கஸ் தமிழில் எழுதினார். சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. கேட்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்வது போல எழுதினார். அப்போது அவருக்கு 66 வயது.

அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. காலையும் ரகரத்தையும் இடம் பார்த்துத்தான் பிரித்துப் படிக்கவேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் வந்த வழக்கம், ஈயத்தில் வார்த்த எழுத்திலும் தொடர்ந்தது. கடவுள் அங்கே தம்பிரான். சிலுவை குருசு. பரிசுத்த ஆவி இஸ்பிரீத்து சாந்து. போர்த்துகீசியச் சொல்லும் கரையின் பேச்சும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. இன்று நாம் அதை வாய்விட்டுப் படிக்கவேண்டும். கண்ணால் மட்டும் ஓட்டினால் எழுத்து நம்மைத் தடுக்கும், காதால் கேட்டால் வழிவிடும். அந்தக் காலத்தில் அது வாசிக்கப்பட்டதும் இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களே அதன் வாசகர்கள்.

தமிழ் உரைநடையின் வரலாற்றை வீரமாமுனிவரிலிருந்தோ, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்தோ தொடங்குகிறவர்கள் இந்த 669 பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இத்தனை நீளமான கதை உரைநடை தமிழில் அச்சாகியிருக்கிறது. ஆள், ஊர், சம்பவம், உரையாடல், திருப்பம் எல்லாம் செய்யுளின் துணையில்லாமல் தமிழில் நடந்திருக்கிறது. அதன் நடை கரடுமுரடு என்பதைக் காரணமாகச் சொல்லி ஒதுக்குவது சரியில்லை. முதலில் வெட்டிய பாதை கரடுமுரடாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் அச்சு ஓய்ந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். புனிதர் வணக்கம் அவர்களுக்கு ஆகாது. பால்தேயு என்ற போதகர் பரதவரைத் தங்கள் சபைக்குத் திருப்ப முயன்று, முடியாமல் போனதை அவரே எழுதியிருக்கிறார். பூசைக்கு ஊர் ஊராக மறைந்து போகவேண்டியிருந்த காலம். உப்புக்காற்றிலும் கரையானிலும் காகிதம் எத்தனை நாள் நிற்கும்? அச்சான அந்த நூல் அச்சான கரையிலேயே இல்லாமல் போனது. எஞ்சிய பிரதி கிடைத்தது வத்திக்கான் நூலகத்தில். அதாவது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த ஊரில் நூல் இல்லை. நூல் இருந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

ஆனால் கதைகள் போகவில்லை. நூலை நம்பி மட்டும் அவை இங்கே நிற்கவில்லை.

தூத்துக்குடியின் பனிமய மாதா கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் நூற்றாண்டு ரோமையில் பிள்ளையில்லாத ஒரு செல்வந்தத் தம்பதி தங்கள் சொத்தை மாதாவுக்குக் கொடுக்க நினைக்கிறார்கள். கோடைகாலத்து ஆகஸ்ட் இரவில் கனவு வருகிறது. காலையில் எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பெய்திருக்கிறது. பனி விழுந்த அளவுக்குக் கோடு போட்டுப் போப்பு லிபேரியு கோயில் எழுப்புகிறார். இந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் காலம் நான்காம் நூற்றாண்டு என்றாலும், அது இத்தாலியில் வேர்பிடித்தது யாக்கோப்போ வாழ்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான். ரோமையின் மரிய மஜ்ஜோரே கோயில் முகப்பில் பிலிப்போ ருசூத்தி இதை வண்ணக்கல் ஓவியமாகப் பதித்தது அந்த நூற்றாண்டின் முடிவையொட்டி. அங்கே இன்றும் ஆகஸ்ட் 5 அன்று கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைச் சொரிகிறார்கள்.

தூத்துக்குடியில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. அந்த நாட்களில் ஊர் எப்படி இருக்கும்? மேற்கிலிருந்து வறட்டுக் காற்று மணலை வாரி இறைக்கும். உப்பளங்களில் பாத்தி பாத்தியாக வெள்ளை பூத்துக் கிடக்கும், கண்கூசும். பனி விழுவதை ஒருநாளும் பார்த்திராத மக்கள், கோடையில் பனி விழுந்த கதையின் தாய்க்கு 1713இல் இப்போதுள்ள கோயிலைக் கட்டி, தங்கத்தேர் செய்து 1806இல் முதன்முதலாக இழுத்தார்கள். ஏழு கடல்துறைக்கும் அவள் ஏக அடைக்கலத் தாய். பரதவர் மட்டுமல்ல, ஊரே சாதி மதம் பாராமல் வந்து நிற்கிறது. ரோமைக் கதையில் அவள் கோயிலுக்கு இடம் காட்டினாள். இங்கே அவளிடம் கேட்பது கடலுக்குப் போனவன் திரும்பி வருவதை.

கூத்தில் அந்தக் கதைகள் இன்னும் உரத்து வாழ்ந்தன. எஸ்தாக்கியார் நாடகம், மூவிராசாக்கள் நாடகம், ஞானசௌந்தரி நாடகம் எல்லாம் வளைகுடாவின் இரு கரையிலும் விடிய விடிய நடந்தவை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஏடுகளில் இருந்த இத்தகைய நாடகங்கள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். எஸ்தாக்கியு என்ற ரோமைப் படைத்தலைவன் தெருக்கூத்து ராசாவின் முடியும் தோள்கட்டும் அணிந்து, கட்டியக்காரன் கூவ, விருத்தம் பாடிக்கொண்டு மேடைக்கு வந்தான். மான் வேட்டை, வள்ளத்துக்காரன், ஆற்றங்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் புலம்பல் என எல்லாவற்றுக்கும் இங்கே ஏற்கெனவே மெட்டு இருந்தது.

ஞானசௌந்தரியின் பயணம் தனி. மாற்றாந்தாயின் சதியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படும் பெண், மணமாகி மறுபடியும் சதியால் துரத்தப்பட்டு, மாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறுகிறாள். இத்தாலியில் கையிழந்த சாந்தா ஊலிவா என்ற அரசகுமாரியின் கதை மேடை நாடகமாக நடந்து வந்திருக்கிறது. ஐரோப்பா முழுக்கப் பரவிய அந்தக் கதைக் குடும்பத்தின் தமிழ்ப் பெண் இவள். கடற்கரைக் கூத்திலிருந்து கம்பெனி நாடகத்துக்குப் போனாள், அங்கிருந்து திரைக்கு. 1948இல் சிட்டாடல் நிறுவனத்தார் எம்.வி. ராஜம்மாவை வைத்து எடுத்த 'ஞானசௌந்தரி' தமிழ்நாடெங்கும் ஓடியது. அதே ஆண்டு ஜெமினியும் அதே கதையை எடுத்தது. 'அருள் தாரும் தேவமாதாவே' பாட்டைக் கோயில் கோயிலாகப் பாடினார்கள். பாடியவர்களில் எத்தனை பேர் அந்தக் கதை கப்பலேறி வந்தது என்று நினைத்திருப்பார்கள்? நினைக்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை.

இடையில் ஓர் இத்தாலியர் வந்து இதே வேலையை வேறு விதத்தில் செய்தார். மாந்துவா நாட்டுக் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணியைப் போற்றுகிறவர்கள் கித்தேரியம்மாள் அம்மானையைப் பெரிதாகப் பேசுவதில்லை. அது ஒரு புனிதையின் சரிதம். தாய்மார் வாயில் புழங்கிய அம்மானை நடையில் அவர் அதைச் சொன்னார். காவியம் எழுதத் தெரிந்தவர், ஒரு புனிதையின் கதைக்கு அம்மானைதான் சரியான பாத்திரம் என்று கண்டுகொண்டார். முட்டாள் குருவும் ஐந்து சீடர்களும் வரும் எட்டுக் கதைகளை ஒரே சரடில் கோத்த 'பரமார்த்த குருவின் கதை'யில், எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணும் சீடன் வருகிறான். அவன் இங்கே வேதாந்திகள் சொல்லிவந்த பத்தாவது மனிதன். இத்தாலியிலோ, தான் ஏறியிருக்கும் கழுதையை விட்டுவிட்டு மற்றக் கழுதைகளை எண்ணும் குடியானவன். வீரமாமுனிவர் எந்தக் கையால் அதை எடுத்தார் என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கையும் அவருடையவைதான். திருச்சியில் மராத்தியர் நுழைந்த பிறகு அவர் கடற்கரைக்கு வந்து, மணப்பாட்டில் சில ஆண்டுகள் இருந்தார்.

அன்றீக்கஸின் அச்சு நூல் வீடு திரும்பியது 1950களில் தொடங்கி. யாழ்ப்பாணத்தில் பிறந்து வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் முதல் தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் பார்த்து, அவற்றைப் பற்றி எழுதி, தமிழர்களின் கண்முன் கொண்டுவந்து வைத்தார். அவர் 1948இல் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாகத்தான் அந்த நூல்களின் மறுபதிப்பும் வந்தது. சேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் அடிகள் 'தம்பிரான் வணக்கம்', 'கிரீசித்தியானி வணக்கம்' இரண்டையும் 1963இல் பதிப்பித்தார். 1967இல் 'அடியார் வரலாறு' வந்தது. புள்ளியில்லாத பக்கங்களைப் புள்ளி வைத்துப் பிரித்து, பழைய சொற்களுக்கு வெளிச்சம் காட்டிச் செய்த வேலை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1961இல், தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்திருந்தது. முத்துப்பணத்தில் அச்சான நூல், முத்து நின்றுபோன பிறகு திரும்பி வந்தது.

இன்று பழைய புத்தகக் கடைகளில் அந்த 1967 பதிப்பு அகப்படுவது அரிது. பள்ளிப் பாடத்தில் 'தம்பிரான் வணக்கம்' முதல் தமிழ் அச்சுநூல் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக வருகிறது. 'அடியார் வரலாறு' அதற்கும் வருவதில்லை. இது நியாயமில்லை. ஒரு பதினாறு பக்க நூல் முந்தியது என்பதற்காகப் பெறும் மரியாதையை, 669 பக்கத்தில் தமிழைக் கதை சொல்லவைத்த நூலுக்கும் கொடுக்கவேண்டும். பழைய எழுத்தும் புதிய எழுத்தும் எதிரெதிர்ப் பக்கத்தில் வர, அருஞ்சொல் குறிப்போடு ஒரு பதிப்பு இப்போது வேண்டும். அதைச் செய்கிறவர்கள் பழையகாயல், புன்னைக்காயல், மணப்பாடு, ஆலந்தலை என்று போய், எஸ்தாக்கியார் வேடம் கட்டியவர்களையும், அவர்களுக்கு ஏடு படித்துக் கொடுத்த அண்ணாவிமார் குடும்பங்களையும் உட்காரவைத்துக் கேட்கவேண்டும். அச்சில் இருப்பதற்கும் அவர்கள் பாடுவதற்கும் இடையில் என்னென்ன மாறியிருக்கிறது, எந்தக் கதையைக் கரை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று அவர்களைக் கேட்காமல் அந்தப் பதிப்பு நிறைவாகாது.